சேர்ந்திசைக் குழுவை நடத்துவோருக்கு: செவி முதலில், கை பிறகு

வடஆற்காடு என்று ஒரே மாவட்டமாக இருந்து இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்காகப் பிரிந்திருக்கும் இந்தப் பகுதியில், பலர் சேர்ந்து பாடும் வழக்கம் இல்லாத ஊரைக் காண்பது அரிது. பள்ளிக் காலை வழிபாட்டில் முன்வரிசையில் நிற்கும் மாணவியர், தேவாலயங்களின் பாடகர் குழுக்கள், மார்கழி விடியலில் திருப்பாவையும் திருவெம்பாவையும் பாடிக்கொண்டு தெருக்களைச் சுற்றிவரும் பஜனைக் குழுக்கள், வள்ளிமலைப் படிகளில் திருப்புகழ் பாடி ஏறும் அடியார்கள், செய்யாறு பக்கத்துக் கூத்து மேடைகளில் விடிய விடியப் பின்பாட்டுப் பாடுபவர்கள் என்று அந்த வரிசை நீண்டுகொண்டே போகும். இக்குழுக்களை நடத்துபவர்களில் பெரும்பாலோர் அதற்கென்று தனிப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். நன்றாகப் பாடத் தெரிந்தவர், ஆர்மோனியமோ கீபோர்டோ வாசிக்கத் தெரிந்தவர், இசையாசிரியர் இல்லாத பள்ளியில் ஆண்டுவிழாப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட தமிழாசிரியர் ஆகியோரே பெரும்பாலும் இந்தப் பணியைச் சுமக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நன்றாகப் பாடுவது வேறு, பலரைச் சேர்த்து நன்றாகப் பாட வைப்பது வேறு. இரண்டாவதற்கு அடிப்படையான திறன் கேட்பது. எங்கே பிசகுகிறது, யாரிடம் பிசகுகிறது, எதனால் பிசகுகிறது என்ற மூன்றையும் செவியால் பிரித்தறியத் தெரிந்துவிட்டால், மற்றவற்றைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்ளலாம். அது தெரியாதவரிடம் எவ்வளவு இசையறிவு இருந்தாலும், அவருடைய ஒத்திகையில் ‘மறுபடியும் பாடுங்கள்’ என்ற ஒரே கட்டளைதான் திரும்பத் திரும்ப ஒலிக்கும்.

முதலில் உங்கள் குரலை நிறுத்துங்கள்

நம் ஆசிரியர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் பழக்கம், மாணவர்களோடு சேர்ந்து தாமும் உரக்கப் பாடுவது. குருமுகமாகக் கற்பிக்கும் மரபில், ஆசிரியர் ஒருமுறை பாட மாணவர் திருப்பிப் பாடுவதே முறை. அந்த முறையில் குறையொன்றும் இல்லை. சரளி வரிசையிலிருந்து கீர்த்தனை வரை அப்படித்தான் கற்பிக்க முடியும். ஆனால் மாணவர் திருப்பிப் பாடும் நேரத்திலும் ஆசிரியர் பாடிக்கொண்டிருந்தால், அவர் காதில் விழுவது பெரும்பாலும் அவருடைய குரலே. அவர் பாடுவது சரியாக இருப்பதால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். மேடையில் அவர் மௌனமாக நிற்கும்போதுதான் குழு அவரைப் பிடித்துக்கொண்டே நடந்துவந்தது தெரியவரும்.

ஆகவே பாடிக் காட்டும்போது குழு மௌனமாக இருக்கட்டும். குழு பாடும்போது நீங்கள் மௌனமாக இருங்கள். இந்த ஒரு விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றினாலே ஒரு மாதத்தில் குழுவின் தன்மை மாறுவதைக் காணலாம். வாயை மூடியபின் கால்களுக்கும் வேலை கொடுங்கள். வரிசைகளுக்கு இடையே மெல்ல நடந்து சென்று, ஒவ்வொருவரின் அருகிலும் சில நொடிகள் நின்று கேளுங்கள். கடைசி வரிசையில் யார் தயங்குகிறார்கள், யார் பக்கத்தில் இருப்பவரின் வாயைப் பார்த்துப் பாடுகிறார்கள், யார் தேவைக்கு மேல் கத்துகிறார்கள் என்பதெல்லாம் ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

கைப்பேசி இதற்குப் பேருதவி செய்கிறது. ஒத்திகையை உங்கள் மேசையில் வைத்துப் பதிவு செய்யாமல், அறையின் பின்கோடியில் ஒரு பெஞ்சின் மீது வைத்துப் பதிவு செய்யுங்கள். பார்வையாளர் கேட்கப்போவதற்கு அதுவே நெருக்கமாக இருக்கும். வீட்டில் ஒருமுறை கேட்டு, மிக முக்கியமான இரண்டு குறைகளை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த ஒத்திகைக்கு வாருங்கள். பத்துக் குறைகளை எழுதிக்கொண்டு வந்தால் ஒன்றும் சரியாகாது.

சுருதியை யார் முடிவு செய்வது?

பள்ளிக் குழுக்கள் சிதறிப்போவதற்கு முதற்காரணம் பொருந்தாத சுருதி என்றே சொல்வேன். தமிழ்த்தாய் வாழ்த்தையே எடுத்துக்கொள்வோம். அதை மாநிலப் பாடலாக அறிவித்து 2021 டிசம்பரில் வெளியான அரசாணை, முல்லைப்பாணி எனப்படும் மோகன இராகத்தில், மூன்றன் நடையில், 55 நொடிகளில் பாட வேண்டும் என்றும், இசைத்தட்டை ஒலிக்கவிடுவதைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்களே பாட வேண்டும் என்றும் கூறுகிறது. பல பள்ளிகளில் நடப்பது என்னவென்றால், ஒலிவாங்கியின் முன் நிற்கும் மாணவி தன் வாய்க்கு வந்த சுருதியில் தொடங்கிவிடுவார். பதற்றத்தில் எடுக்கும் சுருதி பெரும்பாலும் ஒரு கட்டையாவது (ஆர்மோனியத்தில் சுருதியை அளக்கும் ஒரு படி) கூடுதலாகவே இருக்கும். பாட்டு மேலே ஏறும் இடத்தில் பாதிப் பேர் கீழ் ஸ்தாயிக்கு (ஸ முதல் அடுத்த ஸ வரையிலான சுர அடுக்கு ஒரு ஸ்தாயி) இறங்கிவிடுவார்கள். மீதிப் பேர் தொண்டையை இறுக்கிக்கொண்டு கத்துவார்கள்.

இதைத் திருத்தும் முறை எளியது. பாட்டின் தொடக்கத்தை விட்டுவிட்டு, அதன் மிக உயர்ந்த இடத்தையும் மிகத் தாழ்ந்த இடத்தையும் முதலில் கண்டுபிடியுங்கள். தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளிக் குழந்தைகள் கூட்டமாகச் சிரமமின்றிப் பாடக்கூடிய எல்லை, ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில் 1 கட்டைச் சுரத்தில் (மேற்கத்திய முறையில் C) தொடங்கி, மேல் ஸ்தாயியில் 1 அல்லது 2 கட்டைச் சுரம் வரையிலானது என்று பொதுவாகக் கொள்ளலாம். பாட்டின் இரு எல்லைகளும் அதற்குள் அடங்குமாறு ஆதார சட்ஜத்தை (பாட்டுக்கு அடிப்படையான ‘ஸ’ சுரத்தை) வையுங்கள். பெண் குரலுக்கு 5 கட்டை என்று வழக்கமாகச் சொல்வதை இங்கே அப்படியே கொண்டுவரக் கூடாது. மந்திர (கீழ்) ஸ்தாயியிலிருந்து தார (மேல்) ஸ்தாயி பஞ்சமம் (‘ப’) வரை சஞ்சரிக்கும் கீர்த்தனைக்கு அந்த 5 கட்டை பொருந்தும். ஒரே ஸ்தாயிக்குள் அடங்கும் எளிய பாட்டை அதே சுருதியில் வைத்தால் குழந்தைகளின் குரல் கீழே புதைந்து கேட்காமல் போய்விடும்.

ஆண் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அவர்கள் தம் இயல்பான குரலில் சட்ஜத்தைக் கொடுக்கும்போது அது குழந்தைகளின் ஸ்தாயிக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. பழகாத குழந்தை அந்தத் தாழ்ந்த ஒலியையே எட்டிப் பிடிக்க முயன்று முனகும். தொடக்கச் சுரத்தை ஆர்மோனியத்திலோ, சுருதிப் பெட்டியிலோ, நன்றாகப் பாடும் ஒரு மாணவியின் குரலிலோ கொடுப்பது நல்லது. கொடுத்தவுடன் தொடங்கிவிடாமல், எல்லாரும் ஒருமுறை மெல்ல வாய்மூடி அந்தச் சுரத்தை ஒலிக்கட்டும். காலை வழிபாட்டில் அதற்குச் செலவாவது மூன்று நொடிதான்.

‘வாயை மட்டும் அசை’ என்று சொல்லாதீர்கள்

சுருதி சேராத ஒரு குழந்தையைப் பார்த்து, போட்டி நெருங்கும் நேரத்தில், ‘நீ பாட வேண்டாம், வாயை மட்டும் அசை’ என்று சொல்லும் வழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. ‘எனக்குப் பாட்டு வராது’ என்று ஐம்பது வயதில் கூறும் பலரை விசாரித்தால், ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ யாரோ ஒருவர் இப்படிச் சொன்னது வெளியே வரும். ஒரு பரிசுக் கோப்பைக்காக ஒரு மனிதரிடமிருந்து வாழ்நாள் முழுவதற்குமான பாட்டைப் பறிக்க எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை.

சுருதி சேராத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குச் செவியில் குறை கிடையாது. தான் கேட்கும் சுரத்துக்குத் தன் குரலை எப்படிக் கொண்டுசெல்வது என்பதுதான் அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. அத்தகைய குழந்தையிடம் நம் சுரத்தைக் கொடுத்து ‘இதைப் பிடி’ என்று வற்புறுத்துவதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். மற்றவர்கள் இல்லாத நேரத்தில் அந்தக் குழந்தையை அழைத்து, ‘உனக்கு எந்தச் சத்தம் சுலபமாக வருகிறதோ அதை நீட்டிப் பாடு’ என்று சொல்லுங்கள். அது பாடும் சுரம் எதுவானாலும், நீங்கள் அந்தச் சுரத்துக்குச் சென்று சேர்ந்துகொள்ளுங்கள். இரு குரல்களும் ஒன்றாகும் அந்தக் கணத்தில் குழந்தையின் முகத்தைக் கவனித்தால், கண்கள் சற்று விரிவதைக் காணலாம். சேர்வது என்றால் எப்படி இருக்கும் என்பதை அது முதன்முறையாக உடலால் உணர்கிறது. பிறகு நீங்கள் ஒரு சுரம் மேலே நகருங்கள். அதுவும் உங்களோடு நகரும். அடுத்து இன்னொரு சுரம். இப்படி நாளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால், சில வாரங்களில் குழுவின் சுருதிக்கு அந்தக் குழந்தை வந்து சேர்ந்துவிடும். அதுவரை அதைக் குழுவிலிருந்து விலக்காமல், உறுதியாகப் பாடும் இருவருக்கு நடுவில் நிற்க வையுங்கள்.

ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரையிலான பையன்களின் நிலை வேறு. குரல் உடையும் பருவத்தில் அவர்களுடைய குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கி நிலைகொள்கிறது. அது நிகழும் மாதங்களில் நேற்று எட்டிய சுரம் இன்று எட்டாது; நடுவில் குரல் கீச்சிட்டுத் தெறிக்கும்; வகுப்பு சிரிக்கும்; பையன் பாடுவதையே விட்டுவிடுவான். குரல் உடைவது இயல்பான வளர்ச்சி என்பதை வகுப்பு முழுவதற்கும் ஆண்டுத் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டால் அந்தச் சிரிப்பு பெருமளவு குறையும். அவனுக்கு வசதியாக வரும் நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கும் பகுதியைக் கொடுங்கள். நாகசுரத்துக்கு ஒத்து ஊதுபவர் ஆதார சுருதியைத் தாங்குவது போல, சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் நீட்டித் தாங்கும் பொறுப்பை இரண்டு மூன்று பையன்களிடம் ஒப்படைத்தால், அவர்களும் குழுவில் இருப்பார்கள், குழுவின் ஒலிக்கும் ஓர் அடித்தளம் கிடைக்கும்.

கை என்ன சொல்ல வேண்டும்?

தாளம் போடத் தெரிந்த எவருக்கும் குழுவை நடத்துவதில் பாதி ஏற்கனவே தெரியும். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, அதன்பின் இரண்டு முறை தட்டும் வீச்சும் என்று எட்டு அட்சரங்களையும் (தாள எண்ணிக்கைகளையும்) வேறுபடுத்திக் காட்டும் முறை, எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைக் கண்ணால் அறியச் செய்யும் அருமையான ஏற்பாடு. குழுவை நடத்தும்போது அதைத் தொடையில் போடாமல் மார்பு உயரத்துக்கு உயர்த்திப் போட்டாலே போதும். தேவாலயப் பாடகர் குழுக்களை நடத்துபவர்கள் பயன்படுத்தும் மேற்கத்திய முறையில், நான்கு அடித் தாளத்துக்குக் கை கீழே, இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என்று நகரும். மூன்று அடிக்குக் கீழே, வலப்பக்கம், மேலே. எந்த முறையைக் கைக்கொண்டாலும் முதல் அடி தெளிவாகக் கீழே விழ வேண்டும்.

ஆனால் பாட்டைத் தொடங்கி வைப்பது அந்த முதல் அடிக்கு முன்னால் வரும் அசைவு. அதில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: எவ்வளவு வேகம், எவ்வளவு ஒலி, எப்போது மூச்சு. கை மேலே எழும்பும் அந்த ஓர் அட்சர நேரத்தில் நீங்களும் வாய் திறந்து கண்ணுக்குத் தெரியும்படி மூச்சை உள்ளே இழுத்தால், குழுவும் தானாக இழுக்கும். கை இறங்கும்போது முப்பது குரல்கள் ஒன்றாக எழும். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று வாயால் எண்ணித் தொடங்கும் வழக்கத்தை மேடைக்குக் கொண்டுசெல்ல வேண்டாம். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) இல்லாத பாடல்களில் இது இன்னும் முக்கியமாகிறது. சமத்துக்கு அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளித் தொடங்கும் அனாகத எடுப்பில், வெறுமையாகக் கடக்கும் சமத்தைக் கை அழுத்தமாகக் காட்டினால்தான் பாடுபவர்கள் அதன்மீது காலூன்றி எழ முடியும்.

இரண்டு கைகளும் ஒரே வேலையைச் செய்ய வேண்டியதில்லை. வலக்கை காலத்தைக் காட்டட்டும். இடக்கையை இடுப்பருகே ஓய்வாக வைத்திருந்து, ஒரு பகுதியினரை உள்ளே அழைக்கவும், ஒலியைக் கூட்டவும் குறைக்கவும், நிறுத்தவும் மட்டும் பயன்படுத்துங்கள். எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் கையைச் சிறிது நேரத்தில் யாரும் பார்க்கமாட்டார்கள். கையைவிடவும் கண்தான் அதிகம் செய்கிறது; பாட்டு உங்களுக்கு மனப்பாடமாக இருந்தால்தான் கண்ணைத் தாளிலிருந்து எடுக்க முடியும்.

இதைக் கூத்து மேடையிலிருந்தும் கற்கலாம். புரிசை போன்ற ஊர்களின் தெருக்கூத்தில் கோல் பிடித்து நடத்துபவர் எவரும் இல்லை. வேடதாரி ஓர் அடியைப் பாடி முடிக்கும் இடத்தில் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிக்கொள்கிறார்கள். முகவீணை (நாகசுரம் போன்ற சிறிய ஊதுகருவி) சுருதியை விடாமல் தாங்குகிறது. மிருதங்கம் வாசிப்பவர் ஆடுபவரின் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். விடிய விடிய அந்த ஒருமை குலையாமல் இருப்பதற்குக் காரணம், மேடையில் உள்ள ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருப்பதே. உங்கள் குழுவை அவ்வப்போது கைகாட்டாமலே ஒரு பாட்டை முழுவதும் பாடச் சொல்லுங்கள். ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்குவார்கள்.

சொல்லைச் சேர்க்காமல் சுரம் சேராது

தனிப்பாடகர் ஒரு சொல்லைச் சற்று முன்னே பின்னே உச்சரித்தால் அது அழகாகவும் அமையலாம். முப்பது பேர் அப்படிச் செய்தால் வெறும் இரைச்சலே மிஞ்சும். ஆகவே இராகத்துக்கு முன் சொல்லையும், சொல்லுக்கு முன் சந்தத்தையும் கற்பிப்பது நல்லது. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் நாடெங்கும் பாடிப் பரப்பிய திருப்புகழ், இந்தப் பயிற்சிக்கு நம் பகுதியே தந்த பெருஞ்செல்வம். அருணகிரிநாதர் திருவண்ணாமலையில் முதன்முதலாகப் பாடியதாக மரபு கூறும் ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’ என்னும் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ‘தத்தத்தன தத்தத் தனதன’ என்ற சந்தத்தை மட்டும் கைதட்டிச் சொல்ல வையுங்கள். வல்லொற்று விழும் இடங்களில் முப்பது வாய்களும் ஒரே கணத்தில் மூடித் திறக்கும் வரை அதையே செய்யுங்கள். பிறகு அதே வேகத்தில் சொற்களைப் பேச வையுங்கள். இராகம் மூன்றாவதாக வரட்டும். இந்த வரிசையில் கற்ற குழு, வேகமாகப் பாடும்போதும் சொல்லை விழுங்காது.

நம் வட்டாரப் பேச்சில் ழகரம் யகரமாக ஒலிப்பது வழக்கம். பழம் என்பது பயமாகிவிடும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகளும் குழுவில் கணிசமாக இருப்பார்கள். அதற்காக எவரையும் நாணச் செய்யாமல், ழகரம் வரும் சொற்களை மட்டும் எடுத்து, நுனிநாக்கை மேலே வளைத்து எதையும் தொடாமல் நிறுத்தும் விதத்தை எல்லாருக்கும் சேர்த்தே பயிற்றுங்கள். சொல்லின் இறுதியில் வரும் மெய்யெழுத்துகள் இன்னொரு சிக்கல். ‘ம்’ என்று முடியும் அடியை நீட்டும்போது பாதிப் பேர் உடனே உதட்டை மூடிவிடுவார்கள். ஒலி பாதியாகக் குறையும். முந்தைய உயிரொலியிலேயே நீட்டி, கை மூடும் கணத்தில் எல்லாரும் சேர்ந்து உதட்டை மூட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். நீண்ட அடிகளில் மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்து, பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள் வெவ்வேறு இடங்களில் எடுக்குமாறு பிரித்துக்கொடுப்பதும் அவசியம்.

ஒத்திகை நேரத்தைச் செலவிடுவது

ஒவ்வொரு முறையும் பாட்டை முதலிலிருந்து தொடங்கும் குழுக்களில், பல்லவி நன்றாகவும் கடைசிச் சரணம் மோசமாகவும் இருப்பதைக் காணலாம். காரணம் வெளிப்படை: பல்லவி நாற்பது முறை பாடப்பட்டிருக்கும், சரணம் நான்கு முறை. கடினமான இடத்திலிருந்து தொடங்குங்கள். ஐந்து நிமிடக் குரற்பயிற்சிக்குப் பின் செவியும் மனமும் தெளிவாக இருக்கும் நேரத்தில் புதிய பகுதியைக் கற்பித்து, களைப்பு வரும்போது நன்கு தெரிந்த பாட்டுக்குச் செல்வதே என் அனுபவத்தில் நல்ல ஒழுங்கு. முடிவில் ஒருமுறையாவது நிறுத்தாமல் முழுப் பாட்டையும் பாட விடுங்கள். பாடிய மகிழ்ச்சி இல்லாமல் வீட்டுக்குப் போகிறவர் அடுத்த வாரம் வரத் தயங்குவார்.

நிறுத்தினால் காரணம் சொல்லுங்கள். எந்த இடம், என்ன குறை, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். ‘மூன்றாம் அடியின் கடைசிச் சொல்லில் இறங்கிவிடுகிறீர்கள், அங்கே மூச்சு மிச்சம் வையுங்கள்’ என்றால் அதைச் செய்ய முடியும். ‘இன்னும் பாவத்தோடு பாடுங்கள்’ என்றால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியாது. பெரியவர்கள் அடங்கிய குழுவில் இதைச் சொல்லும் விதமும் முக்கியம். நடத்துபவருக்கு இருபத்தைந்து வயதும், தாழ்ந்த ஆண்குரலில் தவறும் பெரியவருக்கு அறுபத்தைந்து வயதும் இருக்கலாம். அவரைத் தனியாகச் சுட்டாமல், ‘ஐயா, பேஸ் பாடுபவர்கள் எல்லாரும் இரண்டாம் வரியை மட்டும் ஒருமுறை பாடிக் காட்டுவீர்களா?’ என்று கேட்டால், பிசகு அவருக்கே கேட்டுவிடும்.

நான்கு குரல்களில் பாடும் குழுக்களில், ஆல்டோ (தாழ்ந்த பெண்குரல்) பாடுபவர்கள் சற்று நேரத்தில் மெட்டுக்கே இழுக்கப்பட்டு, மெட்டைப் பாடும் உயர்ந்த பெண்குரலான சொப்ரானோவோடு சேர்ந்துகொள்வது வழக்கமான தொல்லை. மெட்டை எல்லாரும் முன்பே அறிவார்கள் என்பதால் அதைக் கடைசியில் சேர்ப்பதே இதற்குத் தீர்வு. முதலில் பேஸ், அதன்மேல் ஆல்டோ, பிறகு டெனர் (உயர்ந்த ஆண்குரல்) என்று ஏற்றி, ஆல்டோவின் வரி அதற்கே உரிய ஒரு மெட்டாக மனத்தில் பதிந்தபின், சொப்ரானோவை வாய்மூடி மெல்ல ஒலிக்க வைத்துச் சேருங்கள். சோல்ஃபா முறையில் (டோ, ரே, மி என்னும் மேற்கத்திய முறை) எழுதிய தாள் இருந்தாலும், சுரக் குறிப்பாக எழுதினாலும் பயன் ஒன்றே. நம் இராக மெட்டுகளுக்குப் பல குரல் அமைப்பு ஒத்துவராது என்று நினைப்பவர்கள், சித்தூரில் பிறந்த இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் (1925–1988) மெட்ராஸ் யூத் கொயர் குழுவை அமைத்துப் பாரதியின் பாடல்களைச் சேர்ந்திசையாகப் பாட வைத்ததை நினைத்துப் பார்க்கலாம்.

வெயில், இடம், மைக் செட்

வேலூரில் சித்திரை வைகாசி மாதங்களில் பிற்பகல் ஒத்திகை வைப்பது பாடுபவர்களுக்குச் செய்யும் தீங்கு. காலை எட்டு மணிக்குள்ளோ, மாலை ஐந்தரைக்குப் பின்னரோ வையுங்கள். இடையிடையே தண்ணீர் குடிக்க விடுங்கள். வெயில் வாத்தியங்களையும் விடுவதில்லை. காற்று சூடாகும்போது ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுவதால் புல்லாங்குழலின் சுருதி ஏறும். வயலினின் உலோகத் தந்தி சூட்டில் தளர்ந்து சுருதி இறங்கும். மிருதங்கத்தின் தோல் உலர்ந்து விறைக்கும். ஆகவே மின்விசிறி ஓடும் அறையில் சேர்த்த சுருதியை நம்பித் திறந்தவெளி மேடையேறக் கூடாது. வாத்தியங்கள் மேடையின் வெப்பத்தில் ஒரு கால்மணி நேரமாவது இருந்தபின் மறுபடி சேர்க்க வேண்டும்.

பள்ளி மைதானத்தில் பின்வரிசை எப்போதும் பின்தங்குவது அவர்களுடைய கவனக்குறைவால் மட்டும் நிகழ்வதன்று. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர்தான் செல்கிறது. முன்னால் உள்ள ஒலிபெருக்கியிலிருந்து 50 மீட்டர் தொலைவில் நிற்பவரை அது அடைய ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். அதைக் கேட்டு அவர் பாட, அவர் குரல் திரும்பி முன்னால் வர, இன்னும் அதே நேரம் ஆகிறது. எனவே பின்வரிசையினர் காதை நம்பாமல் கையைப் பார்த்துப் பாடப் பழக வேண்டும். அதற்கு நீங்கள் எல்லாருக்கும் தெரியும்படி ஒரு நாற்காலி உயரத்திலாவது நிற்க வேண்டும். கருங்கல் மண்டபத்திலும் உயர்ந்த கூரையுள்ள தேவாலயத்திலும் ஒலி நெடுநேரம் தங்கும் என்பதால் வேகத்தைச் சற்றுக் குறைத்து, சொல்லின் மெய்யெழுத்துகளைக் கூர்மையாக்குங்கள்.

மைக் செட்காரரிடம் நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே பேசிவிடுங்கள். முப்பது பேருக்கு ஆறு ஒலிவாங்கிகளை முகத்தருகே நீட்டினால், அந்த ஆறு குரல்கள் மட்டுமே கேட்கும். குழுவுக்கு முன்னால் சற்றுத் தள்ளி, தலைக்கு மேலான உயரத்தில் இரண்டு அல்லது மூன்று ஒலிவாங்கிகளை நிறுத்தினால் சேர்ந்த ஒலி கிடைக்கும். எதிரொலி விளைவைக் குறைக்கச் சொல்லுங்கள். குழுவை நோக்கி ஒரு சிறிய ஒலிபெருக்கியைத் திருப்பி வைக்கச் சொன்னால், சுருதிப் பெட்டி கடைசி வரிசை வரை கேட்கும்.

நிகழ்ச்சி முடிந்த அந்த வாரத்திலேயே பதிவைக் குழுவினரோடு உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் பேசாமல் இருந்து, ஒவ்வொருவரையும் தான் கேட்ட ஒரு நல்ல இடத்தையும் திருத்த வேண்டிய ஓர் இடத்தையும் சொல்லச் சொல்லுங்கள். தொடக்கத்தில் தயங்குவார்கள். பிறகு, ‘சார், அந்த இடத்தில் நாம் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு எடுத்துவிட்டோம்’ என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொல்லத் தொடங்குவார். அப்படிக் கேட்கப் பழகிய மூத்த மாணவர் இருவரைத் தேர்ந்து, அடுத்த பருவத்தில் குரற்பயிற்சியை நடத்தும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். நீங்கள் வர இயலாத நாளிலும் ஒத்திகை நடக்கும்.